பெரியம்மா சொன்ன ‘ஆமா’: டிமென்ஷியாவும் இசை சிகிச்சையும்

எங்கள் பெரியம்மா கடைசி இரண்டரை வருடம் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். சாயங்காலம் நாலரை மணி ஆகிவிட்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. “நேரமாச்சு, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்” என்று கட்டிலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே இருப்பார். அந்த மாட்டை விற்று நாற்பது வருடம் இருக்கும்.

சேர்க்கப் போனபோது கொடுத்த வழவழப்பான தாளில் ‘மியூசிக் தெரபி’ என்று ஒரு வரி இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால், ஹாலில் இருந்த டிவியில் காலை ஒன்பது மணி முதல் இரவு எட்டு மணி வரை ஒரு பாட்டு சேனல் ஓடிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான். எதிரே வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு பேர். பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். பெரியம்மா முந்தானையைச் சுருட்டிக் காதில் அடைத்துக்கொள்வார். இசை சிகிச்சை என்றால் உண்மையில் என்ன என்று நான் தேடிப் படிக்க ஆரம்பித்தது அதைப் பார்த்த பிறகுதான். நான் மருத்துவன் இல்லை. படித்ததையும் எங்களுக்கு நடந்ததையும் கலந்துதான் எழுதுகிறேன்.

முதலில் டிமென்ஷியா. இது ஒரே ஒரு நோயின் பெயர் அல்ல, காய்ச்சல் மாதிரி ஒரு பொதுப் பெயர். மூளையின் செல்கள் படிப்படியாகச் சேதமாகி, நினைவு, பேச்சு, முடிவெடுப்பது, குளிப்பது, உடுத்துவது என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகும். காரணங்கள் பல. நூற்றில் 60 முதல் 70 பேருக்குக் காரணம் அல்சைமர் நோய். உலகம் முழுக்க 2021 கணக்குப்படி சுமார் 5.7 கோடிப் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேர், அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேர் என்று 2023-இல் வெளியான ஒரு நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது. இதைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. வீட்டாரைத் திணறடிப்பது பெரும்பாலும் மறதிகூட இல்லை. கூடவே வரும் பதற்றம், அழுகை, கோபம், குளிக்க வரமாட்டேன் என்ற அடம், ராத்திரி தூங்காமல் சுற்றுவது, இவைதான். இதற்குக் கொடுக்கப்படும் சில மனநோய் மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களின் இறப்பு அபாயத்தையே கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. மாத்திரை இல்லாமல் இவர்களை எப்படி அமைதிப்படுத்தலாம் என்று தேடுவதற்கு அதுவும் ஒரு காரணம். அப்படித் தேடும்போது இசையின் பக்கம் வராமல் இருக்க முடியாது.

இசை சிகிச்சை என்று தனியாக ஒரு படிப்பு, ஒரு தொழில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்கள் நிறைந்திருந்த அமெரிக்க மருத்துவமனைகளில் வேர்விட்டது. 1944-இல் மிச்சிகனில் ஒரு கல்லூரி இதற்கெனப் பட்டப்படிப்பே தொடங்கியது. நம் பக்கத்தில் புதுச்சேரியில் ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தில் இதற்கென ஒரு மையம் இருக்கிறது. பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் வந்தால் முதல் நாளே பாட ஆரம்பித்துவிட மாட்டார். ஆளைப் பார்ப்பார். காது எப்படி, கை அசைகிறதா, எந்த நேரத்தில் பதற்றம், எந்த ஊர், என்ன மொழி, என்ன மதம், முன்பு பாடியவரா கேட்டவரா என்று விசாரிப்பார். அப்புறம் ஒரு குறிக்கோள் வைப்பார். ‘சாயங்காலப் பதற்றம் குறைய வேண்டும்’, ‘மற்றவர்களோடு பத்து நிமிஷமாவது உட்கார வேண்டும்’ என்கிற மாதிரி சின்னதாக, அளந்து பார்க்கக்கூடியதாக இருக்கும். வாரத்துக்கு இத்தனை முறை, இத்தனை நிமிஷம் என்று வைத்துக்கொண்டு, என்ன நடந்தது என்று ஒவ்வொரு முறையும் எழுதிவைப்பார். சில நேரம் கேட்க வைப்பார், சில நேரம் கூடவே பாடவோ தாளம் தட்டவோ வைப்பார்.

இது ஒரு வகை. இன்னொரு வகை, வீட்டாரும் பராமரிப்பாளர்களும் அந்த ஆளுக்குப் பிடித்த பாட்டுகளைத் தேர்ந்து, நேரம் பார்த்துப் போடுவது. துல்லியமாகச் சொன்னால் அது சிகிச்சை அல்ல, இசையைப் பயன்படுத்துவது. சிகிச்சையாளர் கிடைக்காத ஊர்களில் நம்மால் செய்ய முடிவது அதுதான், அதையும் ஒழுங்காகச் செய்தால் பலன் இருக்கலாம். டிவியை ஓடவிடுவது இந்த இரண்டிலும் சேராது.

சரி, பெற்ற பிள்ளையின் பெயர் மறந்துபோனவருக்குப் பாட்டு மட்டும் எப்படி நினைவிருக்கிறது?

அல்சைமர் முதலில் தாக்குவது ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியையும் அதைச் சுற்றியுள்ள இடங்களையும். காலையில் என்ன சாப்பிட்டோம், யார் வந்து போனார்கள் என்பதைப் பதிந்து வைக்கும் இடம் அது. பழகிப்போன பாட்டு அப்படி ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. கேட்பது, வாயசைப்பது, தாளத்துக்குக் கால் ஆட்டுவது, அந்தப் பாட்டோடு வந்த சந்தோஷமோ துக்கமோ எல்லாமே மூளையின் வெவ்வேறு இடங்களில் தங்கியிருக்கின்றன. ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆராய்ச்சியாளர்கள் 2015-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நெடுநாள் பழகிய பாட்டைக் கேட்கும்போது மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று இளைஞர்களிடம் முதலில் கண்டுபிடித்துக்கொண்டு, அதே இடம் அல்சைமர் நோயாளிகளிடம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தார்கள். மூளையின் மற்ற பகுதிகளோடு ஒப்பிட்டால் அந்த இடம் அதிகம் சுருங்காமல் இருந்தது.

இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. மனிதர்களுக்குத் தங்கள் வாழ்க்கையில் மிக அழுத்தமாகப் பதிவது ஏறத்தாழ பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரை நடந்தவை. பாட்டும் அப்படித்தான்.

இந்தக் கணக்கு தெரியாமல்தான் நான் முதலில் சறுக்கினேன். பெரியம்மாவுக்கென்று ஒரு பென்டிரைவில் இருநூறு ‘பழைய பாட்டு’ ஏற்றிக்கொண்டு போனேன். முக்கால்வாசி இளையராஜா. எனக்கு அதுதான் பழைய பாட்டு. பெரியம்மா கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். நாலாவது பாட்டில் “யாரு வீட்டுல கல்யாணம்? ரேடியோவ நிறுத்தச் சொல்லு” என்றார். பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அவர் பிறந்தது 1942. பத்து முதல் முப்பது வயது என்றால் 1952 முதல் 1972 வரை. இளையராஜாவின் முதல் படம் வந்ததே 1976-இல். அப்போது அவருக்கு 34 வயது, மூன்று பிள்ளைகள், விடிந்தால் அடைந்தால் வேலை. இல்லத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இருபத்தைந்து வயது என்றால் இந்த இடைவெளி இன்னும் மோசம். அவர்களுக்கு 2000-இல் வந்ததே பழைய பாட்டு.

சித்தியிடம் கேட்டேன். அக்காவுக்குப் பத்து வருடம் இளையவர். “எங்க வீட்டுல ரேடியோ ஏது? பக்கத்து வீட்டுல சிலோன் ரேடியோ போடுவாங்க. அக்கா பாத்திரம் விளக்குற சாக்குல அந்தச் சுவரோரமே கெடப்பா” என்றார். தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமத்தில் இலங்கை வானொலி, சென்னை வானொலியை விடத் தெளிவாகக் கேட்கும். ஆக டி.எம்.எஸ்., சுசீலா, ஏ.எம். ராஜா, விஸ்வநாதன் – ராமமூர்த்தி என்று ஒரு பட்டியல் கிடைத்தது. கூடவே சித்தி போகிறபோக்கில் சொன்ன ஒன்றுதான் பெரிய விஷயமாகப் போயிற்று: “கொடைக்கு வில்லுப்பாட்டு வந்தா விடிய விடிய உக்காந்திருப்பா.”

தென்மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: கோயில் கொடைவிழாவில் ராத்திரி முழுக்கச் சாமி கதையைப் பாடுவது வில்லுப்பாட்டு. மணிகள் கட்டிய பெரிய வில்லை வீசுகோலால் அடித்துக்கொண்டு புலவர் பாட, பக்கத்தில் உடுக்கை, குடம், தாளம். அவர் ஒரு வரி சொல்லி நிறுத்துகிற இடத்தில் கூட இருப்பவர்கள் ‘ஆமா’ என்று ஒத்துச் சொல்வார்கள். கேட்டுக் கேட்டுக் கூட்டத்தில் இருப்பவர்களுக்கும் அந்த ‘ஆமா’ வாயில் வந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் போய், போனில் ஒரு வில்லுப்பாட்டைப் போட்டு மடியில் வைத்தேன். மணிச் சத்தம் கேட்டதுமே பெரியம்மாவின் வலது கை தொடையில் தட்ட ஆரம்பித்தது. முகத்தில் ஒன்றும் மாறவில்லை, கை மட்டும்தான். ‘தந்தனத்தோம்’ என்று புலவர் எடுத்தார். இரண்டு மூன்று வரி போனது. அவர் நிறுத்திய இடத்தில் பெரியம்மா “ஆமா” என்றார். சத்தமாக. அடுத்த நிறுத்தத்திலும் “ஆமா”. ஒரு இடம்கூடத் தவறவில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டால் பதில் சொல்ல அரை நிமிஷம் தடுமாறுகிற மனுஷி. நாலரை மணி வந்தது, போனது. மாடு நினைவுக்கு வரவில்லை.

நான் எதேச்சையாகச் செய்த ஒன்றுக்கு ஆராய்ச்சி இருப்பது பின்னால் தெரிந்தது. அமெரிக்காவின் அயோவாவில் லிண்டா கெர்ட்னர் என்ற செவிலியர் ஆராய்ச்சியாளர், பதற்றம் உச்சத்துக்குப் போவதற்கு அரை மணி நேரம் முன்பே இசையைத் தொடங்கிவிட வேண்டும் என்றார். கொதித்த பிறகு போட்டால் அது இன்னொரு இரைச்சலாகத்தான் காதில் விழும். 2000-இல் வெளியான அவரது ஆய்வில் 39 பேருக்கு அவரவர் விருப்பப் பாட்டையும், மனதை அமைதிப்படுத்தும் என்று விற்கப்படும் பொதுவான மேற்கத்திய சாஸ்திரிய இசையையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். சொந்தப் பாட்டுதான் பதற்றத்தை அதிகம் குறைத்தது. கடையில் கிடைக்கும் ‘ரிலாக்ஸ்’ புல்லாங்குழலை நம்புகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

ஸ்காட்லாந்தில் சாலி மேக்னஸன் என்ற பத்திரிகையாளர், டிமென்ஷியா வந்த தன் தாயோடு கடைசிவரை பாடிக்கொண்டிருந்த அனுபவத்திலிருந்து 2013-இல் ‘பிளேலிஸ்ட் ஃபார் லைஃப்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். டிமென்ஷியா உள்ள ஒவ்வொருவருக்கும் அவருக்கே உரிய பாட்டுப் பட்டியல் ஒன்று இருக்க வேண்டும் என்பதுதான் அதன் வேலை. பட்டியலில் சினிமாப் பாட்டு மட்டும்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஒருவருக்குத் திருப்புகழ், ஒருவருக்கு ஞானப்பாட்டு, ஒருவருக்கு நாகூர் ஹனீபா, ஒருவருக்கு நடவு வயலில் பாடியது, இன்னொருவருக்குக் கட்சிக் கூட்டத்தில் கேட்டது. வெளிநாட்டில் வாழும் தமிழர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. டிமென்ஷியா முற்றும்போது சிலருக்குப் பின்னால் கற்ற மொழி முதலில் போகும், தாய்மொழி நெடுநாள் நிற்கும். டொராண்டோவில் முப்பது வருடம் ஆங்கிலத்தில் வேலை பார்த்த ஒருவர் தமிழுக்கே திரும்பிவிடலாம். அங்குள்ள இல்லத்தில் எல்லோரும் சேர்ந்து பாடும் ஆங்கிலப் பாட்டு அவருக்கு ஒன்றும் செய்யாது. பட்டியலை வீட்டார்தான் எழுதித் தர வேண்டும்.

குளிக்க வைப்பது பற்றி எழுதாமல் விட முடியாது, ஏனென்றால் இல்லங்களில் அடிதடி நடப்பதே அங்கேதான். ஸ்வீடனில் ஏவா யொடெல் என்ற ஆய்வாளர் காலை வேலைகளின்போது, அதாவது முகம் கழுவி, உடை மாற்றிவிடும் நேரத்தில், பராமரிப்பாளர்களைப் பாடச் சொல்லிப் பார்த்தார். பாடியபோது அவர்கள் பேசியது குறைந்தது. கையைத் தூக்குங்கள், காலை நீட்டுங்கள் என்று சொல்வதே குறைந்துபோனது. ஆனாலும் முதியவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று இன்னும் நன்றாகப் புரிந்தது. யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமில்லை. தெரியாத ஒரு பெண் புடவையை உருவிக்கொண்டே கட்டளை போட்டால் யாருக்கும் பயம்தான் வரும். அதே பெண் பாடிக்கொண்டே வந்தால் பயப்பட என்ன இருக்கிறது?

பெரியம்மாவைப் பார்த்துக்கொண்டது ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண். தமிழ் அரைகுறை. நான் போட்டுக்காட்டிய ஒரு சுசீலா பாட்டின் மெட்டைப் பிடித்துக்கொண்டு, வார்த்தை இல்லாமல் ம்ம்ம் என்று முனகிக்கொண்டே தண்ணீர் ஊற்றுவாள். அவள் விட்ட இடத்தில் பெரியம்மா வார்த்தை போடுவார். பாதி வார்த்தை தப்பு. வார்த்தையைத் திருத்த நான் ஒரு முறை வாய் திறந்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். நினைவைச் சோதிப்பது போலக் கேள்வி கேட்பதும் அப்படித்தான். “இது என்ன படம் சொல்லுங்க” என்று கேட்டால் அது பரீட்சையாகிவிடுகிறது.

எவ்வளவு தூரம் நம்பலாம்? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு இதைப் பலமுறை ஆராய்ந்திருக்கிறது. 2025-இல் வந்த புதிய பதிப்பில் 15 நாடுகளில் நடந்த 30 ஆய்வுகள், 1,720 பேர். அதில் பெரும்பாலோர் பராமரிப்பு இல்லங்களில் இருப்பவர்கள். முடிவு அடக்கமானது: மனச்சோர்வு ஓரளவு குறைகிறது, மொத்தத்தில் நடத்தைச் சிக்கல்களும் குறையக்கூடும். நினைவாற்றல் திரும்பும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இசையை நிறுத்திய பிறகு பலன் எவ்வளவு நாள் தங்கும் என்பதும் உறுதியாகவில்லை. அமெரிக்காவில் 54 இல்லங்களில் ஆளுக்கேற்ற பாட்டுகளைக் கொடுத்து நடத்திய ஒரு பெரிய சோதனையில் பதற்றம் சொல்லிக்கொள்ளும்படி குறையவும் இல்லை. வாட்ஸாப்பில் வரும் காணொளிகளில் பாட்டைக் கேட்டதும் கண் திறந்து பேசுகிறவர்களைப் பார்த்துவிட்டு நம் வீட்டிலும் அப்படி நடக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பெரியம்மா ஒரு நாளும் என் பெயரைச் சொல்லவில்லை. இன்ன ராகம் இன்ன நோயைத் தீர்க்கும் என்று அட்டவணை போட்டு விற்பவர்களிடமும் கொஞ்சம் விலகியே இருங்கள். டிமென்ஷியா விஷயத்தில் ராகத்தை விட, அந்த ஆள் அதை எப்போது, யாரோடு கேட்டார் என்பதுதான் கணக்கில் வருகிறது.

எல்லோருக்கும் இசைத்திறன் தப்பிப் பிழைப்பதும் இல்லை. டிமென்ஷியாவின் ஒரு வகையில் சிலருக்கு ரசனையே தலைகீழாக மாறிவிடும். 2000-இல் இத்தாலிய மருத்துவர்கள் எழுதிய ஒரு குறிப்பில், பாப் இசையை வெறும் இரைச்சல் என்று சொல்லிவந்த 68 வயது வழக்கறிஞர் நோய் வந்த பிறகு அதே பாப் இசையை முழுச் சத்தத்தில் வைத்துக் கேட்க ஆரம்பித்ததாகச் சொல்கிறார்கள். அப்படி ஒருவருக்குப் பழைய பட்டியலையே திணிக்கக் கூடாது.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. சத்தம் பேச்சளவுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும். காதுக்குள் செருகும் இயர்போனை விட, காதை மூடி உட்காரும் ஹெட்போன் நல்லது. காது மெஷின் போட்டிருப்பவருக்கு அது கீச்சிடும் என்பதால் சின்ன ஸ்பீக்கரே நல்லது. யூடியூபில் நேராகப் போடாதீர்கள். உருக்கமான சரணத்துக்கு நடுவே கட்டுமானக் கம்பி விளம்பரம் அலறியதில் பெரியம்மா ஒரு நாள் நடுங்கிவிட்டார். அதற்குப் பிறகு பாட்டுகளை இறக்கி வைத்துக்கொண்டேன். இருபது, முப்பது நிமிஷம் போதும். நாள் முழுக்க ஓடினால் அது இசை இல்லை, மின்விசிறிச் சத்தம். பதற்றமாக இருப்பவருக்கு எடுத்த எடுப்பில் தாலாட்டுப் போடாமல், அவர் மனநிலைக்கு ஒத்த வேகத்தில் தொடங்கிப் படிப்படியாக மெதுவான பாட்டுக்கு இறங்குவது சிகிச்சையாளர்கள் 1940-களிலிருந்து கையாளும் ஒரு முறை.

பாட்டு போட்டுவிட்டுப் போய்விடாமல் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தையும் கையையும் பாருங்கள். கண்ணீர் வந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்றில்லை, அழுது ஆறுகிற அழுகையும் உண்டு. முகம் இறுகினால், கை முறுக்கினால், எழப் பார்த்தால் நிறுத்திவிடுங்கள். ஒப்பாரி வாடை அடிக்கும் பாட்டுகளில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கேட்பவருக்குக் கணவர் இறந்த செய்தியே இன்றுதான் புதிதாக வந்து சேரலாம்.

கடைசியில் நாங்கள் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினோம். மேலே பிறந்த வருடம், ஊர். அடுத்து நாலு மணிக்கு எது, குளிக்கும்போது எது, தூங்கும்முன் எது. மொத்தம் பதினாறு பாட்டு. ஆள் மாறினாலும் தாள் இருக்கும். அடியில் ‘போடக் கூடாதவை’ என்று இரண்டு பாட்டு. ஒன்று பெரியப்பா இறந்த வீட்டில் மைக் செட்காரர் போட்டது. இன்னொன்று நல்ல குதூகலமான காதல் பாட்டு. அது தொடங்கினாலே பெரியம்மா எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவார். ஏன் என்று சித்திக்கும் தெரியவில்லை.